பெருங்கிளியை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

தென் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் வாசிகளுக்குக் கிளி அன்றாடப் பறவை. ரயில் பாதையைத் தாண்டினால் ரவீந்திர சரோபர். 1920களில் கல்கத்தா மேம்பாட்டு டிரஸ்ட் சதுப்பு நிலத்தை வெட்டி உண்டாக்கிய ஏரி அது. கரையோரத்து முதிய மரங்களில் பச்சைக்கிளிகள் கூட்டமாக வாழ்கின்றன. விடிந்ததும் ஒன்றையொன்று கூப்பிட்டபடியே கிளம்பும். பகலெல்லாம் இரை தேடிவிட்டுப் பொழுது சாயும் நேரத்தில் பெரும் இரைச்சலோடு திரும்பும். காலை நடைக்கு வருபவர்கள் அந்தச் சத்தம் கேட்டு ஒரு கணம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நடப்பார்கள்.

இந்தப் பறவையை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்ற ஆசை பழையது. வங்காளி வீட்டு வராந்தாக்களில் கூண்டுக்கிளி தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறது. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிச் செல்லும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் கிளி அந்நியமல்ல. மீனாட்சியின் கையில் கிளி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு நாள்தோறும் இலைகளால் புதிதாகக் கட்டப்படும் கிளி. அந்தப் பழைய ஆசைக்கு இப்போது புதிய உருவம் வந்திருக்கிறது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, நீலமும் மஞ்சளுமான மக்காவ், வெள்ளைக் கொண்டைக்கிளி எனப்படும் காக்கட்டூ ஆகிய பெரிய வெளிநாட்டுக் கிளிகளை அடுக்கக வீடுகளில் வளர்க்கப் பலர் விரும்புகிறார்கள். பல பத்தாயிரம் ரூபாயில் தொடங்கி லட்சங்கள் வரை விலை. பாட்டுக்கு ஆடும் காக்கட்டூவையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் சாம்பல் கிளியையும் செல்போன் காணொளியில் பார்த்து மனம் மயங்கி, அடுத்த வாரமே பணத்தோடு கிளம்புபவர்கள் உண்டு.

கிளம்பும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: பெரிய கிளி உங்களுக்கு ஏற்ற செல்லப் பறவையா? இது விருப்பத்தை வைத்து முடிவு செய்யும் விஷயமல்ல. விடை அந்தப் பறவையின் மூளையிலும் நுரையீரலிலும் ஆயுளிலும் இருக்கிறது. அதற்கும் முன்னால் சட்டத்தில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

வடக்குக் கொல்கத்தாவில் பாக்பஜார் அருகே கேலிஃப் ஸ்ட்ரீட்டில் ஞாயிறுதோறும் செல்லப் பிராணிகள் சந்தை கூடும். மீன், செடி, நாய்க்குட்டி, பறவை எல்லாம் ஒரே தெருவில். கிளி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் போகும் இடம் இதுதான். அங்கே நிற்கும்போது இரண்டு வகைக் கிளிகளைப் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வகை நம் நாட்டுக் கிளிகள். கழுத்தில் இளஞ்சிவப்பு வளையம் கொண்ட பச்சைக்கிளியும், வங்காளிகள் சந்தனா என்று அழைக்கும் பெரிய பச்சைக்கிளியும் இதில் அடங்கும். சந்தனாவைத் தோளில் உள்ள செந்திட்டைக் கொண்டு அடையாளம் காணலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். 'குஞ்சிலேயே எடுத்து வளர்த்தது', 'தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருக்கிறது' என்பவை சட்டத்தின் முன் நிற்கா. தமிழ்நாட்டில் கிளி ஜோசியக்காரர்களின் கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்வது இந்தச் சட்டத்தின்படிதான்.

இரண்டாவது வகை வெளிநாட்டுக் கிளிகள். இவற்றை வளர்க்கத் தடை இல்லை, ஆனால் கணக்கு உண்டு. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியல்களில் ஏறத்தாழ எல்லாக் கிளி இனங்களும் இருக்கின்றன. பட்ஜெரிகர், காக்கடீல் போன்ற மிகச் சில இனங்களுக்கு மட்டுமே விலக்கு. 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டம் சைட்டீஸ் பட்டியலை உள்ளே கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, அந்தப் பட்டியலில் உள்ள பறவையை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும். பறவை கைமாறினாலும் குஞ்சு பொரித்தாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். செல்லப் பிராணிக் கடை நடத்துவதற்கே மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு தேவை என்று 2018இன் விதிகள் சொல்கின்றன. எனவே விற்பவரிடம் விலை கேட்பதற்கு முன் தாள்களைக் கேளுங்கள். 'அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தால் திரும்பிவிடுங்கள். வங்காளத்தின் எல்லை வழியே கடத்தப்படும் மக்காவ்கள் பிடிபடும் செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தாள் இல்லாத பறவை அந்த வழியாக வந்ததாக இருக்கலாம்.

இந்தக் கட்டுப்பாடு எதற்கு என்பதற்குச் சாம்பல் கிளியின் கதையே போதும். 1975க்குப் பிறகு 13 லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுச் சாம்பல் கிளிகள் ஆப்பிரிக்காவிலிருந்து சட்டப்படியே ஏற்றுமதியாயின. பிடிக்கும்போதும் வழியிலும் இறந்தவை இந்தக் கணக்கில் இல்லை. கானா நாட்டில் 1990களின் தொடக்கத்திலிருந்து இந்த இனத்தின் எண்ணிக்கை 90 முதல் 99 சதவீதம் வரை சரிந்துவிட்டதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. 2017 ஜனவரியில் சாம்பல் கிளி சைட்டீஸின் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. நாம் ஒரு வீட்டில் வைத்து ரசிக்கும் அறிவுதான் அந்தப் பறவையின் காட்டைக் காலி செய்தது.

சின்னத் தலைக்குள் எவ்வளவு மூளை

'பறவை மூளை' என்று ஒருவரை இகழ்வது அறிவியல்படி செல்லாது. 2016இல் செக் குடியரசு, பிரேசில் ஆகிய நாடுகளின் அறிவியலாளர்கள் சேர்ந்து பறவை மூளைகளில் உள்ள நரம்பணுக்களை எண்ணினார்கள். நீல மஞ்சள் மக்காவின் மூளை ஓட்டோடு கூடிய அக்ரூட் கொட்டை அளவுதான். எடை ஏறத்தாழ 20 கிராம். ஆனால் சிந்தனைக்கும் திட்டமிடலுக்கும் உரிய முன்மூளைப் பகுதியில் மட்டும் சுமார் 190 கோடி நரம்பணுக்கள் இருந்தன. அதைவிட நான்கு மடங்கு எடையுள்ள மூளையைக் கொண்ட ரீசஸ் குரங்கின் பெருமூளைப் புறணியில் இருப்பவை சுமார் 170 கோடி. கிளியின் நரம்பணுக்கள் சிறியவை, நெருக்கமாக அடுக்கப்பட்டவை. அதனால்தான் சிறிய மண்டையோட்டுக்குள் குரங்குக்கு ஈடான திறன் அடங்குகிறது.

இந்தத் திறனை உலகுக்குக் காட்டிய பறவை அலெக்ஸ். 1977இல் ஐரின் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் சிகாகோவில் ஒரு செல்லப் பிராணிக் கடையிலிருந்து அந்தச் சாம்பல் கிளியை வாங்கினார். முப்பது ஆண்டுப் பயிற்சியில் அலெக்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களைப் பொருளறிந்து சொன்னது. நிறங்களையும் வடிவங்களையும் வேறுபடுத்தியது, சிறிய எண்களை எண்ணியது. ஒரு தட்டில் பச்சைத் துண்டுகளும் நீலத் துண்டுகளும் கலந்து கிடக்க, 'பச்சை எத்தனை?' என்று கேட்டால் அவற்றை மட்டும் எண்ணிச் சொன்னது. இரண்டு பொருள்களுக்கு இடையே என்ன வேறுபாடு என்று கேட்டு, வேறுபாடு இல்லாத இரண்டைக் காட்டினால் 'ஒன்றுமில்லை' என்றது. 2007 செப்டம்பரில் 31 வயதில் அது இறந்தபோது உலகப் பத்திரிகைகள் இரங்கல் செய்தி வெளியிட்டன.

அலெக்ஸின் கதையைப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஒரு விவரத்தைக் கவனிப்பதில்லை. அந்தப் பறவை சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்லவில்லை. அதன் முன்னால் இரண்டு மனிதர்கள் உட்கார்ந்து ஒரு பொருளைப் பற்றி உரையாடினார்கள். ஒருவர் கேட்க, மற்றவர் சரியாகச் சொன்னால் பொருள் அவர் கைக்குப் போனது. அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, உரையாடலில் தானும் புகுந்துதான் அலெக்ஸ் கற்றது. பகல் முழுவதும் அதற்கு ஆள் துணை இருந்தது. அலெக்ஸைப் போன்ற ஒரு கிளி வேண்டும் என்றால் அலெக்ஸுக்குக் கிடைத்த வாழ்க்கையையும் சேர்த்துத்தான் தர வேண்டும்.

ஏன் பேசுகிறது

கிளி மனிதர்களை மகிழ்விக்கப் பேசுவதில்லை. குரலைக் கேட்டுக் கற்கும் ஆற்றல் விலங்குலகில் மிக அரிது. கிளிகள், பாடும் பறவைகள், தேன்சிட்டளவே உள்ள ஹம்மிங் பறவைகள், திமிங்கிலங்கள், வௌவால்கள், மனிதர்கள் என்று ஒரு சில கூட்டங்களுக்கே அது வாய்த்திருக்கிறது. கிளிகளின் மூளையில் குரல் கற்கும் மையத்தைச் சுற்றி இன்னொரு அடுக்கும் இருப்பதை 2015இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விவரித்தார்கள்.

இந்த ஆற்றல் காட்டில் எதற்குப் பயன்படுகிறது? வெனிசுவேலாவில் சிறு கிளி இனம் ஒன்றைக் கார்ல் பெர்க் என்ற அறிவியலாளர் ஆராய்ந்தார். ஒவ்வொரு பறவைக்கும் தனியான கூப்பிடு குரல் உண்டு. நம் பெயரைப் போன்றது அது. பொந்திலிருக்கும் குஞ்சு தன் குரலைப் பெற்றோரிடமிருந்தே கற்கிறது என்பதை அவர் 2011இல் காட்டினார். கூட்டத்தில் யார் எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கவும், 'இங்கே இருக்கிறேன்' என்று பதில் சொல்லவும் அந்தக் குரல்.

இப்போது அடுக்ககத்துக் கிளியை நினைத்துப் பாருங்கள். கூட்டம் இல்லை, இருப்பது நீங்கள் மட்டும். அதனால் உங்கள் கூட்டத்தின் மொழியைக் கற்கிறது. நீங்கள் அடுத்த அறைக்குப் போனதும் உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினால், காட்டில் ஒரு கிளி தன் துணையைத் தேடும் அதே தேடல்தான் அது. பதில் வராவிட்டால் குரல் உயரும். மக்காவின் கத்தல் 100 டெசிபெல்லைத் தாண்டும். காலையிலும் மாலையிலும் கத்துவது அதன் இயல்பு, அதை அடக்கப் பயிற்சி கிடையாது. சுவரோடு சுவர் ஒட்டிய லேக் கார்டன்ஸ் வீடுகளில் அடுத்த வீட்டு முதியவரின் தூக்கத்தையும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையையும் கேட்ட பிறகே இந்தப் பறவையை வாங்குவது பற்றி யோசிக்க வேண்டும்.

தனிமையின் தழும்பு

தனியாக வளரும் கிளிக்கு என்ன ஆகிறது என்பதற்கு உயிரணு அளவில் சாட்சி இருக்கிறது. குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்ற காப்புப் பகுதி உண்டு. வயது ஏற ஏற அது தேயும். கடும் மனஅழுத்தமும் அதைத் தேய்க்கும். 2014இல் வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்ப்புச் சாம்பல் கிளிகளின் ரத்தத்தில் டெலோமியரை அளந்தார்கள். தனியாக வைக்கப்பட்டவற்றுக்கு அது துணையோடு இருந்தவற்றைவிடக் குட்டையாக இருந்தது. தனியாக வளர்ந்த 9 வயதுக் கிளிகளின் டெலோமியர், துணையோடு வாழ்ந்த, அவற்றைவிட 23 வயது மூத்த கிளிகளின் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

கண்ணுக்குத் தெரியும் சாட்சியும் உண்டு. தன் இறகைத் தானே பிடுங்கும் கிளியை ஒருமுறை அருகில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மார்பில் கோழித்தோல் போல வெறும் சதை. தொடையிலும் சிறகின் அடியிலும் முறிந்த இறகுத் தண்டுகள், அங்கங்கே ரத்தப் பொட்டு. ஆனால் கழுத்துக்கு மேலே தலை முழுக்க இறகு வழவழப்பாக, ஒன்றுகூடக் குலையாமல் இருக்கும். தலைக்கு அதன் அலகு எட்டாது. தோல் நோயிலிருந்தோ ஒட்டுண்ணியிலிருந்தோ இதை வேறுபடுத்த மருத்துவர் முதலில் பார்ப்பது இந்தத் தலையைத்தான்.

இது ஏன் நேர்கிறது? காட்டுக்கிளி பகலின் பெரும்பகுதியை இரை தேடுவதிலும் உடைப்பதிலும் உரிப்பதிலும் செலவிடுகிறது. கிளி ஒரு கொட்டையைத் தின்பதை உற்றுப் பாருங்கள். ஒரு காலில் நின்று, மறு காலால் அதைப் பிடித்து அலகருகே கொண்டுபோகும். தடித்த நாக்கு அதை உருட்டிப் பொருத்தமான கோணத்தில் நிறுத்தும். மேல் அலகு மண்டையோட்டோடு கீல் போல் இணைந்திருப்பதால் தனியே அசையும். கீழ் அலகின் கூர்விளிம்பு ஓட்டின் பொருத்துவாயைத் தேடிப் பிடித்து அழுத்தும். ஓடு கீழே விழும், பருப்பு உள்ளே போகும். இத்தனை நுட்பமும் நாள் முழுவதும் வேலை செய்வதற்காக உருவானது. கூண்டில் கிண்ணம் நிறையத் தீனி வைத்தால் அரை மணி, ஒரு மணியில் அந்த வேலை முடிந்துவிடுகிறது. மிச்சப் பகலுக்கு அலகுக்கு வேலை வேண்டும். கைக்கெட்டியது சொந்த இறகு.

கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2000களின் தொடக்கத்தில் அமேசான் கிளிகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். தேடி எடுத்துத் தின்னும்படி உணவையும், ஏறிக் கடித்து விளையாடப் பொருள்களையும் வைத்தபோது இறகு பிடுங்குவது குறைந்தது. காட்டில் சிரமப்பட்டு உரித்து உண்ணும் இனங்களே கூண்டில் அதிகம் இறகு பிடுங்குகின்றன என்பதையும், மூளை பெரிதான இனங்களே மற்ற மனநலக் கோளாறுகளுக்கு அதிகம் ஆளாகின்றன என்பதையும் 2021இல் வெளிவந்த பல இன ஒப்பீடு உறுதி செய்தது. எந்த அறிவுக்காக நாம் பெரிய கிளியை விரும்புகிறோமோ, அந்த அறிவே அதைக் கூண்டு வாழ்க்கைக்குத் தகுதியற்றதாக்குகிறது.

கடிக்கத் தொடங்கும் வயது

விற்பனைக்கு வரும் குஞ்சுகளைப் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து சீக்கிரமே பிரித்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கூழ் ஊட்டி வளர்க்கிறார்கள். அதனால் குஞ்சு மனிதரோடு ஒட்டிக்கொள்ளும். தோளில் உட்காரும், கையில் தூங்கும். வாங்குபவர் காண்பது இந்தப் பருவத்தை. ஊட்டும் பருவத்திலேயே 'விலை குறைவு' என்று குஞ்சை விற்பவர்களிடம் வாங்கவே கூடாது. சூடு தவறினால் இரைப்பை வெந்துபோகும். கூழ் மூச்சுக்குழலில் இறங்கினால் குஞ்சு சாகும்.

சில ஆண்டுகளில் பறவை பருவம் எய்தும். கிளி பெரும்பாலும் ஒரே துணையோடு வாழும் பறவை. துணைக் கிளி இல்லாத வீட்டில் ஒருவரைத் துணையாகத் தேர்ந்தெடுக்கும். அவருக்கு விழுங்கிய தீனியைக் கக்கி ஊட்ட வரும். வீட்டில் மற்றவர்கள் அருகே வந்தால் கடிக்கும். பிரேசில் கொட்டையின் ஓட்டை உடைக்கும் அலகு குழந்தையின் விரலில் பட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. முதுகையும் சிறகடியையும் தடவுவது இந்த இணைசேரும் உணர்வைத் தூண்டும் என்பதால், தலையையும் கழுத்தையும் மட்டுமே வருட வேண்டும் என்று பறவை மருத்துவர்கள் சொல்கிறார்கள். இந்தப் பருவத்தில்தான் பல கிளிகள் கைவிடப்படுகின்றன. பறவை கெட்டுப்போய்விட்டது என்கிறார்கள். கெட்டுப்போகவில்லை, வளர்ந்துவிட்டது.

யாருடைய ஆயுள் பெரிது

அமெரிக்காவின் சிகாகோ அருகே புரூக்ஃபீல்ட் உயிரியல் பூங்காவில் குக்கி என்ற காக்கட்டூ இருந்தது. 1934இல் பூங்கா திறந்தபோது அங்கு வந்தது. 2016 ஆகஸ்டில் 83 வயதில் இறந்தது. இது விதிவிலக்கு. உலகப் பூங்காக்களின் பதிவேடுகளில் உள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிளிகளைக் கொண்டு 2022இல் கணக்கிட்டபோது, செம்மக்காவின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 30 ஆண்டுகளாகவும் மஞ்சள்கொண்டைக் காக்கட்டூவினுடையது சுமார் 25 ஆண்டுகளாகவும் இருந்தது. நல்ல கவனிப்பில் ஐம்பதைத் தாண்டும் பறவைகளும் உண்டு.

நாற்பது வயதில் மக்காவ் குஞ்சு வாங்குபவர் எழுபது வயதிலும் அதன் கூண்டைக் கழுவ வேண்டியிருக்கலாம். பிள்ளைகள் பெங்களூருக்கோ டொராண்டோவுக்கோ போய்விட்ட வீடுகள் லேக் கார்டன்ஸில் ஏராளம். உங்களுக்குப் பிறகு அந்தப் பறவையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை வாங்கும் நாளிலேயே பேசி, அவர் சம்மதத்தைப் பெற்றிருக்க வேண்டும்.

அடுக்களைப் புகையும் நுரையீரலும்

பறவையின் நுரையீரல் நம்முடையதுபோல் விரிந்து சுருங்குவதில்லை. உடலில் பரவியுள்ள காற்றுப் பைகள் துருத்திபோல் இயங்கி, நுரையீரல் வழியே காற்றை ஒரே திசையில் செலுத்துகின்றன. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் அதற்குப் புதுக்காற்று கிடைக்கிறது. உயரப் பறக்க இது வரம். நச்சுப்புகை வரும் வீட்டில் இதுவே ஆபத்து. ஒட்டாத பூச்சுள்ள தவாவை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தால், அளவுக்கு மீறிச் சூடான பூச்சிலிருந்து வரும் வாயு சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். நமக்குத் தலைவலிகூட வராமல் இருக்கலாம். கடுகெண்ணெயைப் புகையும் வரை காய்ச்சும் சமையல், கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, அறை நறுமணத் தெளிப்பு எல்லாம் கெடுதல். காளி பூஜை இரவின் வெடிச்சத்தத்தில் இருட்டில் மிரண்டு கூண்டுக்குள் மோதிச் சிறகை உடைத்துக்கொள்ளும் ஆபத்தும் சேர்கிறது.

மனிதர்களின் நுரையீரலையும் எண்ண வேண்டும். சாம்பல் கிளியும் காக்கட்டூவும் இறகிலிருந்து வெண்பொடி உதிர்க்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. கிளிக் காய்ச்சல் எனப்படும் சிட்டகோசிஸ், பறவையின் எச்சத்திலிருந்தும் மூக்குச் சளியிலிருந்தும் காற்று வழியே நமக்குத் தொற்றும் பாக்டீரிய நோய். தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகள் மூலம் 1929-30இல் பல நாடுகளில் இது பரவி உயிர்களைப் பறித்தது. இன்று ஆன்டிபயாட்டிக் மருந்தால் குணமாகும். ஆனால் காய்ச்சலோடு டாக்டரிடம் போகும்போது வீட்டில் கிளி இருப்பதைச் சொல்ல வேண்டும்.

உணவிலும் பழைய வழக்கம் போதாது. சூரியகாந்தி விதையும் ஊறவைத்த கடலையும் மட்டுமே தின்னும் கிளிக்குக் கல்லீரலில் கொழுப்பு படியும். வைட்டமின் ஏ குறையும். கிளிகளுக்கென்று தயாரிக்கும் சத்துருண்டைகளோடு, கீரை, கேரட், பூசணி, குடமிளகாய், பழம் தினமும் வேண்டும். சாக்லேட்டும் அவகாடோவும் நஞ்சு. மிளகாயைக் கிளி ஆசையாகத் தின்பதில் ஆச்சரியமில்லை. காரத்தை உணர்த்தும் கேப்சைசின், பாலூட்டிகளின் நரம்பிலுள்ள ஒரு புரதத்தைத் தூண்டுகிறது. பறவைகளிடம் உள்ள அதே புரதம் கேப்சைசினுக்கு அசைவதில்லை. அதனால் மிளகாய் அதற்கு ஒரு காய், அவ்வளவே. வைட்டமின் ஏ கிடைக்க நல்ல வழியும்கூட.

நோய் வந்தால் கிளி மறைக்கும். காட்டில் தளர்ச்சியைக் காட்டுவது கழுகுக்கு அழைப்பு விடுப்பதாகும். கண்ணுக்குத் தெரியும்படி அது சோர்ந்து உட்காரும்போது நோய் முற்றியிருக்கும். எனவே சமையலறைத் தராசுபோல் கிராம் காட்டும் தராசில் தினமும் காலையில் எடை பார்ப்பது நல்ல பழக்கம். எடை இறங்கத் தொடங்கினால் காத்திருக்கக் கூடாது. பறவை அறிந்த கால்நடை மருத்துவர்கள் எந்த நகரத்திலும் குறைவு. நகரத்தின் வடபகுதியில் பெல்காச்சியாவில் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. லேக் கார்டன்ஸோ தென்பகுதியில். நள்ளிரவில் யாரிடம் போவது என்பது பறவை வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன்

இத்தனைக்கும் பிறகும் ஆசை தளரவில்லை என்றால், பின்வரும் கேள்விகளுக்கு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து விடை சொல்லுங்கள்.

தினமும் குறைந்தது நான்கைந்து மணி நேரம் பறவை கூண்டுக்கு வெளியே, யாராவது உடனிருக்க, இருக்க முடியுமா? அலுவலகமும் பள்ளியுமாகப் பகலில் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் விடை 'முடியாது' என்பதே. ஒரு மீட்டருக்கும் மேல் சிறகு விரியும் மக்காவ் கூண்டுக்குள் சிறகை முழுதாக விரித்துத் திரும்ப முடியுமா? பறக்கப் பாதுகாப்பான, மின்விசிறி ஓடாத, ஜன்னலுக்கு வலை போட்ட அறை இருக்கிறதா? இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் தர முடியுமா? டி.வி. ஓடும் ஹாலில் அது நடக்காது. மரச்சாமான் கடிபடுவதையும் தரையெல்லாம் எச்சமும் தோலும் சிதறுவதையும் வீடு பொறுக்குமா? அதே இனத்தில் இன்னொரு பறவையைத் துணையாக வைத்து, இரண்டின் செலவையும் ஏற்க முடியுமா? பூஜை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது யார் பார்ப்பார்கள்? முப்பது ஆண்டுக்குப் பின் யார்?

ஒன்றுக்கு 'பார்த்துக்கலாம்' என்று விடை வந்தாலும் வாங்காதீர்கள். எல்லாவற்றுக்கும் தெளிவாக 'ஆம்' சொல்லும் வீடுகள் உண்டு. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், தனி வீடும் மொட்டை மாடியும் உள்ளவர்கள், பறவையைப் பற்றி ஆண்டுக்கணக்காகப் படித்தவர்கள். அவர்களும் புதுக் குஞ்சைத் தேடாமல், வைத்திருக்க முடியாமல் தவிக்கும் வீட்டிலிருந்து வளர்ந்த பறவையைப் பதிவுத் தாள்களோடு வாங்கிக்கொண்டால், ஒரு பறவைக்கு நல்ல வீடு கிடைக்கும். சந்தைக்கு ஒரு குஞ்சின் தேவை குறையும்.

மற்ற எல்லோருக்கும் என் தீர்ப்பு இதுதான்: அடுக்ககத்தில் வாழும் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பெரிய கிளி ஏற்ற செல்லப் பறவை அல்ல. குறை குடும்பத்திடமும் இல்லை, பறவையிடமும் இல்லை. கூட்டமாய்ப் பறந்து பல பத்தாண்டுகள் வாழப் பிறந்த ஓர் அறிவை ஒரு பால்கனிக்குள் அடக்க முடியாது. கிளி மேல் அன்பு இருந்தால் அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் ஜோசப் சேகர் பல ஆண்டுகளாக மொட்டை மாடியில் பலகை அடுக்கி அரிசி வைக்க, ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகள் வந்து தின்றுவிட்டுப் பறந்து போயின. லேக் கார்டன்ஸ்வாசிகளுக்கு அந்தச் சிரமமும் இல்லை. சரோபரின் முதிய மரங்களும் அவற்றின் பொந்துகளும் வெட்டுப்படாமல் காப்பது ஒன்றே போதும்.

ஏற்கெனவே உங்கள் வீட்டில் பச்சைக்கிளியோ சந்தனாவோ கூண்டில் இருந்தால், இதைப் படித்த வேகத்தில் கதவைத் திறந்து பறக்கவிடாதீர்கள். கூண்டில் வளர்ந்த பறவைக்குப் பறக்கத் தசை வலு இராது, இரை தேடத் தெரியாது, காக்கையும் பூனையும் அன்றைக்கே பிடித்துவிடும். மேற்கு வங்க வனத்துறையைக் கூப்பிடுங்கள். சால்ட் லேக்கில் அவர்களுடைய வனவிலங்கு மீட்பு மையம் இருக்கிறது. பறவையை அங்கே ஒப்படையுங்கள்.